வாத்துப் படம் வைத்த நம்பர்

போன மாதம் நான் வேலை பார்த்த பழைய சர்வீஸ் கடைக்குப் போயிருந்தேன். என் நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருக்கும் பெண் இரண்டு போன்களைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு இருந்தாள். பழைய போனில் இருந்ததெல்லாம் புதிய போனுக்குத் தானாகப் போய்க்கொண்டிருந்தது. "அதுவே எடுத்துக்குது மேடம். நீங்கல்லாம் ஒரு ரீசெட்டுக்கு அர நாளு எடுத்துக்குவீங்களாமே, அப்படி என்னதான் பண்ணுவீங்க?" என்று கேட்டாள். அவள் கிண்டலுக்குக் கேட்கவில்லை. ஆனாலும் எனக்குச் சுருக்கென்றது. "கழுத மேய்ச்சோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன். பஸ்ஸில் வரும்போது, கேட்ட பிள்ளைக்கு ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கலாமே என்று தோன்றியது. சொல்லாமல் விட்டதை எழுதுகிறேன்.

நான் முதலில் போனது பீங்கான் யூனிட்டுக்குத்தான். விருத்தாசலத்தில் படிப்பு நின்றுபோன பெண்கள் வேறு எங்கே போவார்கள்? அச்சிலிருந்து எடுத்த பொம்மைகளுக்கு ஓரம் வழித்து, ஈரத் துணியால் துடைத்து அடுக்குவது என் வேலை. தூசி நெஞ்சுக்கு ஒத்துக்கொள்ளவில்லை, இருமல் வந்தது, விட்டுவிட்டேன். பிறகு டைப்ரைட்டிங், ஜெராக்ஸ் கடை என்று வருஷங்கள் ஓடின. செல்போன் சர்வீஸ் கற்றுக்கொடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டுப் போய்ச் சேர்ந்தபோது எனக்கு நாற்பது தாண்டிவிட்டது. கூட இருந்த பையன்கள் என்னை 'ஆயா' என்று கூப்பிட்டார்கள். அவர்களில் பாதிப் பேர் இப்போது வேறு தொழிலில் இருக்கிறார்கள். நான்தான் கண் பார்வை மங்கும் வரை அந்த நாற்காலியை விடவில்லை.

கடை முதலாளி மங்கலம்பேட்டைக்காரர். ஊரே அவரைப் பாய் என்றுதான் கூப்பிடும். வளைகுடாவில் சில வருஷம் இருந்து திரும்பியவர். அரை டிராயர் போட்ட பிள்ளை வந்தாலும் 'வாங்க' என்றுதான் சொல்வார். நான் வெடுக்கென்று பேசுகிறவள். அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. ஆனால் அவர் வைத்த முறை இருக்கிறதே, அதிலிருந்து ஒரு நூல் இந்தப் பக்கம் அந்தப் பக்கம் போக முடியாது.

போன் ஹேங் ஆகித் தொங்குகிறது, இடம் இல்லை, சூடாகிறது என்று கொண்டுவருவார்கள். உள்ளே இருப்பதையெல்லாம் அழித்து ரீசெட் போட்டால் சரியாகிவிடும். அதைப் போட ஒரு நிமிஷம் போதும். ஆனால் பாய் முதலில் சார்ஜைப் பார்ப்பார். பாதிக்கு மேல் இல்லையென்றால் தொடவே விடமாட்டார். நடுவில் அணைந்தால் போனே போச்சு. அடுத்து, நம்பர்கள் எங்கே இருக்கின்றன என்று பார்க்க வேண்டும். சிம்மில் கொஞ்சம், போனில் கொஞ்சம், மெயில் கணக்கில் கொஞ்சம் என்று சிதறிக் கிடக்கும். யாரைக் கேட்டாலும் "எல்லாம் சிம்முலதான் இருக்குது" என்பார்கள். பட்டன் போன் காலத்தில் அது உண்மை. டச் போன் வந்த பிறகும் எங்கள் ஜனங்கள் அதை விடவில்லை. எல்லாவற்றையும் ஒரே ஃபைலாகச் சேர்த்து, கடைக் கம்ப்யூட்டரில் ஒன்றும் மெமரி கார்டில் ஒன்றும் வைப்போம். மறுபடி ஏற்றி முடித்து ஆள் கிளம்பியதும் கடையில் இருப்பதை அழித்துவிட வேண்டும், அதுவும் பாய் சட்டம்.

பிறகு போட்டோ, வாட்ஸப் ஃபோல்டர், குரல் பதிவு. பிறகு மெயில் ஐடியும் பாஸ்வேர்டும். அதைக் கேட்டால்தான் பாதிப் பேர் முழிப்பார்கள். போன் விற்ற கடைக்காரரே ஏதோ ஒரு ஐடியைப் போட்டுக் கொடுத்திருப்பார். அது தெரியாமல் அழித்துவிட்டால், சில போன்கள் பழைய ஐடியைக் கொடுத்தால்தான் திறப்பேன் என்று அடம் பிடிக்கும். இன்னொரு ஆபத்து, மெமரி கார்டைப் போனின் சொந்த இடமாகவே சேர்த்துப் பூட்டி வைத்திருப்பார்கள். அதைப் பார்க்காமல் ரீசெட் போட்டால் அந்தப் பூட்டின் சாவியும் போனோடு அழிந்துவிடும், அந்தக் கார்டைக் கடவுளே வந்தாலும் அப்புறம் படிக்க முடியாது.

இவ்வளவும் முடிந்த பிறகும் பாய் பட்டனை அழுத்த விடமாட்டார். "போயி ஒரு டீ குடிச்சிட்டு வாங்க" என்று ஆளை அனுப்பிவிடுவார். எனக்கு ஆரம்பத்தில் எரிச்சலாக வரும். வரிசையில் ஆள் நிற்கும்போது டீ என்ன வேண்டிக்கிடக்கிறது? ஒருநாள் சூளையில் வேலை செய்யும் ஒருவர் டீ கிளாஸோடு ஓடிவந்தார். "யம்மா, எம் பொண்ணு பாடுன பாட்டு ஒன்னு ரெக்கார்டர்ல கெடக்குது, அழிச்சிட்டியா?" என்றார். அந்த மாடலில் குரல் பதிவு வேறொரு மூலையில் கிடந்தது. நான் எடுக்கவில்லை. நல்லவேளை, அழிக்கவும் இல்லை. அதற்குப் பிறகு நானே டீ குடிக்கத் துரத்த ஆரம்பித்தேன்.

வளைகுடாவிலிருந்து வருகிறவர்களுடையது தனிக் கதை. போனைப் பார்த்தால் பளபளவென்று இருக்கும், வாட்ஸப் அங்கத்து நம்பரில் இருக்கும், அந்தச் சிம்மைத் திரும்பி வரும்போதே அங்கே போட்டுவிட்டு வந்திருப்பார்கள். அழித்தபின் மறுபடி திறக்க அந்த நம்பருக்குத்தான் கோடு நம்பர் எஸ்.எம்.எஸ்ஸில் போகும். அப்படி ஒருவர் என்னிடம் வந்து, "நீங்க எப்படியாச்சும் அந்தக் கோடப் புடிங்க" என்றார். "நான் என்ன ஏரோப்ளேன்லயா போயிப் புடிக்கிறது?" என்றேன். பாய் அவரை உட்கார வைத்து, அழிப்பதற்கு முன்னாலேயே அந்தக் கணக்கை நம்மூர் நம்பருக்கு மாற்றி முடித்தார். அவருடைய பொறுமையை நினைத்தால் எனக்கு இன்றும் பொறாமைதான்.

இனி, என்னால் மறக்க முடியாத போனுக்கு வருகிறேன்.

ஒருநாள் காலையில் ஷட்டரைத் தூக்கியதும் தாயும் மகனும் வந்தார்கள். எங்கள் மாவட்டத்திலேயே இருக்கும் மங்களூர் பக்கத்துக் கிராமம். இரண்டு பஸ் மாறி வந்திருந்தார்கள். அந்த அம்மா பெயர் அஞ்சலை. மகன் குமாருக்கு இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். நின்ற இடத்தில் நிற்கவில்லை, காலை ஆட்டிக்கொண்டே இருந்தான்.

"ரீசெட் போட்டுட்டாங்க மேடம். நம்பரு ஒன்னுகூட இல்ல. எடுத்துக் குடுங்க" என்றான்.

"யாரு போட்டா?"

"எங்க ஊரு பக்கத்துல ஒரு கடையில. தொங்குதேன்னு நான்தான் குடுத்தேன். நம்பரு எங்க இருக்குதுன்னு கேட்டாரு. அம்மா சிம்முலன்னுது."

"நீ என்ன சொன்ன?"

"நானும் சிம்முலன்னுதான் சொன்னேன்."

"நல்லா சொன்னீங்க போ, ரெண்டு பேரும்" என்று போனை வாங்கினேன். சிம்மைத் திறந்தால், சிம் கம்பெனிக்காரன் போட்டுக் கொடுத்த நம்பர்கள் மட்டும் இருந்தன. மெமரி கார்டில் திருவிழா வீடியோவும் சினிமாப் பாட்டும். போன் வழித்துத் துடைத்த மாதிரி கிடந்தது. பையன் என் தோளுக்கு மேலே எட்டி எட்டிப் பார்த்து, "என்னா வருது? எதுனா வருதா?" என்று பிடுங்கினான்.

பாய் வந்தார். "தம்பி, போனு யாருதுங்க?"

"அம்மாதுதான்."

"அப்ப அம்மா மட்டும் உள்ள வரட்டும். நீங்க வெளியில உக்காருங்க."

"நான் அவங்க புள்ளைங்க!"

"தெரியுதுங்க. பெஞ்சுல ஃபேனு ஓடுது, உக்காருங்க."

போன் யாருடையதோ அவர்தான் கண்ணாடித் தடுப்புக்கு உள்ளே வரலாம். புருஷனாக இருந்தாலும் பிள்ளையாக இருந்தாலும் வெளியேதான். இந்த முறையால் கடையில் நடந்த சண்டைகள் கொஞ்சமில்லை. குமார் முறைத்துக்கொண்டே போய் உட்கார்ந்தான். அங்கிருந்தும் உள்ளேயே பார்த்துக்கொண்டிருந்தான். எனக்கு அவனைக் கண்டாலே பிடிக்கவில்லை.

"எந்தெந்த நம்பரு ரொம்ப அவசியம், சொல்லுங்க" என்றேன்.

"மாட்டு டாக்டரு. பால்காரரு. எங்கண்ணன்." கொஞ்சம் நிறுத்திவிட்டு, "வாத்துக்காரரு" என்றார் அஞ்சலை.

அறுவடை முடிந்த வயலில் வாத்து மேய்க்க வருகிறவர்களை எங்கள் பக்கத்தில் எல்லோருக்கும் தெரியும். "வாத்துக்காரரு நம்பரு போனா போவுது. அறுப்புக்கு அவரே வந்து நிப்பாரு" என்றேன்.

அந்த அம்மாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. பெஞ்சுப் பக்கம் திரும்பிப் பார்த்தார். முதுகை அந்தப் பக்கம் காட்டிக்கொண்டு, "வாத்துக்காரரு இல்லம்மா. எம் பொண்ணு" என்றார்.

பிறகு மெல்ல மெல்லச் சொன்னார். "பீங்கான் கம்பெனிக்கு வேலைக்கு வந்தா. கூட வேல செஞ்ச பையனக் கட்டிக்கிட்டு போயிட்டா. வேற ஆளுங்க. அவங்கப்பா தல முழுவிட்டாரு. வூட்ல பேரக்கூடச் சொல்லக் கூடாது. இதோ உக்காந்திருக்கறானே, இவங்கிட்டயும் பேசமாட்டேன்னு சத்தியம் வாங்கிட்டாரு. இப்ப திருப்பூர்ல இருக்குறா. நெறமாசம். அந்தப் பையன் வூட்லயும் சேக்கல. வலி எடுத்தா பக்கத்துல யாரும்மா இருக்குறா அவளுக்கு?"

"அவளே போன் பண்ணட்டுமே?"

"வூட்ல மணி அடிச்சா அவங்கப்பாதான் எடுப்பாரு. நீ பண்ணாதடி, நான் வயக்காட்டுலேர்ந்து பண்றேன்னு நான்தான் சொல்லி வச்சேன். தெனம் ஒரு தடவையாச்சும் பேசிடுவேன். இப்ப ஒரு வாரமா என் கொரலு கேக்கலன்னா அவ என்ன நெனப்பா?"

நம்பர் மனப்பாடமாக இருக்கிறதா என்று கேட்டேன். இல்லை. அவருக்குப் படிக்கத் தெரியாது. மகள் வீட்டில் இருந்தபோது ஆளுக்கு ஒரு படம் போட்டுப் போன் முகப்பிலேயே வைத்துக் கொடுத்திருக்கிறாள். மாட்டு டாக்டருக்கு மாடு, பால்காரருக்குக் கேன், அண்ணனுக்கு அவருடைய மீசை மட்டும். படத்தைத் தொட்டால் ஆள் பேசும். மகள் போன பிறகு, அவளோடு வேலை செய்த தோழி ஒருத்தி வந்து திருப்பூர் நம்பரைப் போட்டிருக்கிறாள். படத்துக்கு, மகள் கம்பெனியிலிருந்து கொண்டுவந்து அலமாரியில் வைத்த பீங்கான் வாத்து. புருஷன் பார்த்துக் கேட்டபோது வாத்துக்காரர் என்று சொல்லியிருக்கிறார். மனிதர் நம்பிவிட்டார். அந்தத் தோழியையும் எங்கேயோ கட்டிக் கொடுத்துவிட்டார்கள், எங்கே என்று தெரியவில்லை.

போனைக் கையில் எடுத்தேன். "அழாதீங்க. அழுதா நம்பரு வராது. போனு எங்க வாங்குனது?" என்று அதட்டினேன்.

"மங்கலம்பேட்டையில. அவளோட மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்தா."

"நெட்டு போட்டு வச்சிருந்தீங்களா?"

"அவ மூஞ்சப் பாக்கணுமே. அதுக்குன்னே போட்டுருந்தேன்."

பாய் எந்தக் கடை என்று கேட்டுக்கொண்டு, உடனே அந்த மங்கலம்பேட்டைக் கடைக்காரரைப் போனில் அழைத்து, அந்தப் போனுக்கு எந்த மெயில் போட்டீர்கள் என்று கேட்டார். ஸ்பீக்கரில் பதில் வந்தது. "என் மெயிலுதான் பாய். அப்ப வித்த போனு எல்லாத்துக்கும் அந்த ஒரே மெயிலுதான்."

வேறு நாளாக இருந்தால் அந்த மனிதரை நான் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருப்பேன். இதே கூத்தைப் பல கடைகளில் செய்தார்கள். நெட் ஓடினால் போனில் சேர்க்கும் நம்பர்கள் அந்த மெயில் கணக்கிலும் போய்ச் சேரும். ஒரே கணக்கென்றால் ஊரில் பாதிப் பேர் நம்பர் ஒரே மூட்டையில் கிடக்கும். ஆனால் அன்றைக்கு அவரைக் கும்பிடலாம் போலிருந்தது. அஞ்சலையின் போன்தான் அழிந்தது, அந்தக் கணக்கு அழியவில்லை.

"பாஸ்வேர்ட சொல்லச் சொல்லுங்க பாய்" என்றேன்.

அவர் தலையை ஆட்டினார். "அவ்ளோ பேரு நம்பரு அதுல கெடக்குது. வாயால சொல்லக் கூடாதுங்க. அவரே வந்து போடட்டும்."

கடைக்காரர் தன் கடையில் மச்சானை உட்கார வைத்துவிட்டு, பஸ் பிடித்து முனகிக்கொண்டே வந்து சேர்ந்தார். அதுவரை அஞ்சலை பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. வெளியே பையன் எழுந்து நடப்பதும் உட்காருவதுமாக இருந்தான்.

கணக்கு திறந்தது. 'அம்மா' என்று மட்டும் எண்ணி முடியாத அளவுக்கு இருந்தன. அத்தனையும் யார் யாரோ பெற்ற அம்மாக்கள். நான் கீழே தள்ளிப் பார்க்கப் போனேன். "தள்ளாதீங்க மல்லிகாம்மா. அடுத்தவங்களுது நமக்கு வேணாம். தேடி மட்டும் எடுங்க" என்றார் பாய்.

எந்தப் பெயரைத் தேடுவது? அஞ்சலையைக் கேட்டேன். யோசித்துவிட்டு, "பேரு போடலன்னா போனு ஒத்துக்கலம்மா, அதனால ஒரு புள்ளி மட்டும் வச்சா" என்றார். புள்ளி வைத்த பெயர்கள் பட்டியலின் உச்சியிலேயே நிற்கும். பார்த்தேன், நின்றன. மாடு வந்தது. பால் கேன் வந்தது. "தோ, எங்கண்ணன்!" என்று அஞ்சலை அழுகையிலும் சிரித்துவிட்டார். மீசை. ஒவ்வொன்றையும் டிக் செய்தேன். புள்ளிகள் முடிந்துவிட்டன. வாத்து இல்லை.

அந்த அம்மா என் முகத்தையே பார்த்தார். என்னால் அவரைப் பார்க்க முடியவில்லை. வாத்து நம்பர் போட்ட நேரத்தில் நெட் ஓடவில்லையோ, போனிலேயே தங்கிவிட்டதோ என்று பயம் வந்தது. அப்படியென்றால் தீர்ந்தது கதை.

பிறகுதான் உறைத்தது. புள்ளி வைத்தது மகள். வாத்து நம்பரைப் போட்டது தோழி. அவள் புள்ளியா வைத்திருப்பாள்? அப்பாவுக்குப் படிக்கத் தெரியும், அதனால் மகள் பெயரையும் போட்டிருக்க மாட்டாள். அப்பாவிடம் என்ன சொல்லப் போகிறார்களோ அதைத்தான் எழுதியிருப்பாள். 'வாத்து' என்று அடித்தேன்.

நாலு வாத்து வந்தது. மூன்று நிஜமான வாத்துக்காரர்கள், யாரோ விவசாயிகள் சேர்த்து வைத்தவர்கள், படம் இல்லை. நாலாவதில் படம் இருந்தது. பெரிதாக்கினேன். வெள்ளை வாத்து, கழுத்தில் அச்சு சேர்ந்த கோடு, அலகு நுனி உடைந்திருந்தது. "இதானே?" என்று கேட்பதற்குள் அஞ்சலை கம்ப்யூட்டர் திரையில் விரலை வைத்துவிட்டார். அதுவும் தொட்டால் பேசும் என்று நினைத்தாரோ என்னவோ.

டிக் செய்ததை மட்டும் தனி ஃபைலாக எடுத்துப் போனில் ஏற்றினேன். கடைக்காரர் கணக்கை மூடினார். "இன்னிக்கே அத்தன பேரு நம்பரையும் அவங்கவங்களுக்குப் பிரிச்சுக் குடுக்குற வழியப் பாருங்க" என்று பாய் அவரிடம் சொன்னார். அஞ்சலை வாத்தைத் தொட்டார். மணி அடித்தது, எடுக்கவில்லை. மறுபடி தொட்டார். எடுத்ததும் அந்தப் பெண் போட்ட சத்தம் எனக்கே கேட்டது.

"ஏம்மா, நீயும் என்ன வேணாம்னுட்டியா?"

"போனுதாண்டி செத்துக் கெடந்துது. நான் சாவல" என்றார் அஞ்சலை.

பாய் கடைக்காரரைக் கூட்டிக்கொண்டு பின்பக்கம் போய்விட்டார். நான் வேறொரு போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வலி இன்னும் வரவில்லை, டாக்டர் இரண்டொரு நாள் சொல்லியிருக்கிறார் என்பது வரைக்கும் காதில் விழுந்தது. அந்த அம்மா போனை இடுப்பில் செருகிக்கொண்டு, என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு, பெஞ்சுக்குப் போனார். காசு கொடுக்கப் பையன் உள்ளே வந்தான்.

"எல்லாம் வந்துடுச்சா மேடம்?"

"வந்துடுச்சு."

"எல்லாமேவா?"

"எல்லாந்தாம்பா. எத்தன தடவ சொல்றது?"

குரலைத் தாழ்த்தினான். "அந்த வாத்து?"

"எந்த வாத்து? எனக்கு என்னா தெரியும்? வாத்தாம், கோழியாம்" என்று மழுப்பினேன்.

"எங்கக்கா மேடம் அது. எனக்குத் தெரியும். அம்மா வயக்காட்டுல பேசறத ஒருநாளு கேட்டேன். நான் குடுத்துதான போனு அழிஞ்சுது? அதுக்குத்தான் கடை கடையா ஏறி எறங்குறேன்." அவனுக்கு வாய் கோணிக்கொண்டது. "எனக்குத் தெரியும்னு அம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா பயந்துக்கும். நம்பர மட்டும் சொல்லுங்க மேடம். ஒரு தடவ பேசிக்கிறேன்."

காலையிலிருந்து அந்தப் பிள்ளையை நான் எப்படியெல்லாம் முறைத்திருந்தேன்! ஃபைல் இன்னும் என் கம்ப்யூட்டரில் இருந்தது. அவன் பக்கம் திரையைத் திருப்பினால் போதும். திருப்பத்தான் மனசு சொன்னது.

"உங்கம்மா போன்ல இருக்கறத நான் எடுத்துக் குடுக்க முடியாது தம்பி" என்றேன். "அதோ உக்காந்திருக்காங்க. போயிக் கேளு."

"திட்டும் மேடம்."

"திட்டட்டும். வாங்கிக்க."

காசை மேசையில் வைத்தான். போனான். அம்மா பக்கத்தில் உட்கார்ந்து, தரையைப் பார்த்தபடி ஏதோ சொன்னான். அஞ்சலையின் கை சட்டென்று இடுப்புக்குப் போய்ப் போனை மூடிக்கொண்டது. அவன் இன்னும் சொன்னான். அந்த அம்மா அவனையே பார்த்தார். முதுகில் ஓங்கி ஓர் அடி வைத்தார். பிறகு போனை எடுத்து, தானே படத்தைத் தொட்டு, அவன் காதில் வைத்துப் பிடித்துக்கொண்டார்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் சத்தம் வரவில்லை. அவன் வாய் திறக்க நேரமாயிற்று. திறந்ததும் அவன் உதடு 'அக்கா' என்றது.